ஆன்டிபயாட்டிக்கும் தயிரும் பழைய சோறும்: வயித்துல இருக்குற நல்ல பாக்டீரியாவை பாத்துக்குறது எப்படி

ஆன்டிபயாட்டிக் எழுதிக் குடுத்தா கூடவே ஒரு ப்ரோபயாட்டிக்கும், அதாவது உயிருள்ள நல்ல கிருமி அடைச்ச மருந்தும், வாங்கிட்டு வர்றது இப்ப எல்லா ஊர்லயும் பழக்கமாயிடுச்சு. "அண்ணா, இந்த மாத்திரை வயித்தைக் கெடுக்கும்னாங்க, ஏதாவது நல்லதா சேத்துக் குடுங்க"ன்னு மெடிக்கல்ல கேப்போம், அவரும் கைக்கு எட்டுன டப்பாவை எடுத்துக் குடுப்பாரு, உள்ள என்ன கிருமி இருக்கு எவ்ளோ இருக்குன்னு வாங்குறவங்களும் பாக்குறதில்ல விக்கிறவங்களும் சொல்றதில்ல. அதே வீட்டுல தயிர் இருக்கும், சின்ன வெங்காயம் இருக்கும், ராத்திரி தண்ணி ஊத்தின சோறு இருக்கும், அதையெல்லாம் யாரும் கணக்குலயே சேக்குறதில்ல. நான் இங்க சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான், புதுசா காசு குடுத்து பாக்டீரியா வாங்குறதுக்கு முன்னாடி ஏற்கனவே உள்ள குடியிருக்குறதுக்கு ஒழுங்கா சாப்பாடு போடுங்க, ப்ரோபயாட்டிக் சாஷேவை (பாக்கெட் பொடியை) மருந்தா மட்டும் பாருங்க, அதாவது ஒரு குறிப்பிட்ட காரணத்துக்கு, ஒரு குறிப்பிட்ட வகையை, இத்தனை நாள்னு முடிவு பண்ணி எடுங்க.

உள்ள எவ்ளோ இருக்கு, என்ன வேலை பாக்குது

உடம்புல நம்ம செல்லை விட பாக்டீரியா பத்து மடங்கு அதிகம்னு ஒரு கணக்கு ரொம்ப நாளா சுத்திட்டு இருக்கு, அது பழைய உத்தேசக் கணக்கு. 2016ல இஸ்ரேல்ல இருக்குற வைஸ்மன் இன்ஸ்டிட்யூட் ஆளுங்க திரும்ப உக்காந்து எண்ணிப் பாத்தாங்க, 70 கிலோ எடை உள்ள ஒருத்தர் உடம்புல சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா, 30 லட்சம் கோடி நம்ம செல், கிட்டத்தட்ட சரிக்குச் சமம். அத்தனை பாக்டீரியாவையும் சேத்து எடை போட்டா 200 கிராம்தான் வரும், அதுல பெரும்பகுதி பெருங்குடல்ல இருக்கு.

நாம சாப்பிடுறதுல நார்ச்சத்து மட்டும் சிறுகுடல்ல செரிக்காம அப்படியே கீழ இறங்கும், பெருங்குடல்ல இருக்குற பாக்டீரியா அதை நொதிக்க வச்சு பியூட்டிரேட், அசிடேட், புரோபியோனேட்னு சின்னச் சின்ன கொழுப்பு அமிலமா மாத்தும். இதுல பியூட்டிரேட்தான் பெருங்குடல் சுவர் செல்லுக்கு முக்கியமான சாப்பாடு. இது போக வைட்டமின் கே, சில பி வைட்டமின் தயாரிக்கும், கெட்ட கிருமி வந்து உக்கார இடம் விடாது, நோய் எதிர்ப்பு சக்திக்கு எதை அடிக்கணும் எதை விடணும்னு பழக்கிக் குடுக்கும். குடல் மட்டும் இல்ல, தோல்ல, வாய்ல, பெண்களுக்கு பிறப்புறுப்புலயும் இருக்கு. பிறப்புறுப்புல இருக்குற லாக்டோபேசிலஸ் லாக்டிக் அமிலம் விட்டு அந்த இடத்தை புளிப்பா, பிஹெச் 4.5க்குக் கீழயே வச்சிருக்கும், அதனால வாசனை சோப்பு, உள்ள ஊத்திக் கழுவுற வாஷ் இதெல்லாம் வேண்டவே வேண்டாம், வெளிய வெறும் தண்ணி போதும்.

ஆன்டிபயாட்டிக் போடுற நாள்ல

முதல் வேலை, தேவையில்லாம போடாம இருக்குறது. சாதாரண சளி, ஃப்ளூ எல்லாம் வைரஸ், ஆன்டிபயாட்டிக் அதுகிட்ட செல்லுபடியாகாது, ஆனா குடல்ல இருக்குற நல்லதுங்க அடி வாங்கும். போன தடவை மிச்சம் இருந்த மாத்திரையை எடுத்துப் போடுறது, பக்கத்து வீட்டு அக்காவுக்கு கேட்டுச்சுன்னு அதே பேரைச் சொல்லி வாங்குறது, டாக்டர்கிட்ட "சீக்கிரம் கேக்குற மாதிரி ஸ்ட்ராங்கா குடுங்க சார்"னு கேக்குறது, இந்த மூணையும் நிறுத்தினாலே எந்த ப்ரோபயாட்டிக்கும் செய்ய முடியாத நல்லதை நீங்க செஞ்சாச்சு. அதே சமயம் தேவைன்னு டாக்டர் குடுத்தா பயந்துட்டு பாதியில விடாதீங்க, சொன்ன வேளைக்கு சொன்ன நாள் வரைக்கும் போடுங்க.

தயிர் விஷயத்துல ஒரு சின்ன கவனம். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின், டெட்ராசைக்ளின் வகை மாத்திரைங்க பால், தயிர்ல இருக்குற கால்சியத்தோட ஒட்டிக்கும், ஒட்டிக்கிட்டா மருந்து சரியா ரத்தத்துல சேராது. வயிறு எரியுதுன்னு மாத்திரையை மோரோட முழுங்குறவங்க நிறைய பேர் இருக்காங்க, இந்த வகைக்கு அதைப் பண்ணக் கூடாது, வெறும் தண்ணில போட்டுட்டு குறைஞ்சது ரெண்டு மணி நேரம் கழிச்சு தயிர் சாப்பிடுங்க, தயிர் சாப்பிட்ட கையோடயும் மாத்திரை போடாதீங்க. அமாக்சிசிலினுக்கு இந்தப் பிரச்சனை இல்ல.

கோர்ஸ் நடுவுல கொஞ்சம் லூசா போறது நிறைய பேருக்கு நடக்கும், மாத்திரை முடிஞ்சதும் தானா சரியாயிடும். ஆனா தண்ணியா பல தடவை போகுது, காய்ச்சல் இருக்கு, வயிறு முறுக்கி வலிக்குது, ரத்தம் தெரியுதுன்னா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. நல்ல பாக்டீரியா காலியான இடத்துல கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில்னு ஒரு கிருமி பெருகி விஷம் விடும், மாத்திரை நிறுத்தி சில வாரம் கழிச்சும் இது வரலாம், அப்ப நீங்களா பேதி நிறுத்துற மாத்திரை போட்டா நிலைமை இன்னும் மோசமாகும்.

சரி, ஆன்டிபயாட்டிக்கோட ப்ரோபயாட்டிக் எடுக்கலாமா? ஆன்டிபயாட்டிக்கால வர்ற பேதியைத் தடுக்க சில வகைகளுக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கு, முக்கியமா லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜிஜி, அப்புறம் சாக்கரோமைசிஸ் பௌலார்டி. எடுக்குறதா இருந்தா ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்ச முதல் ரெண்டு நாளுக்குள்ளயே ஆரம்பிக்கணும், பேதி வந்தப்புறம் பாத்துக்கலாம்னா பலன் குறைவு. பாக்டீரியா வகையா இருந்தா ஆன்டிபயாட்டிக்குக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் விடுங்க, இல்லன்னா உள்ள போனதும் மருந்து அதையும் சேத்துக் கொன்னுடும். பௌலார்டி பாக்டீரியாவே கிடையாது, ஈஸ்ட், அதனால ஆன்டிபயாட்டிக் அதை ஒண்ணும் பண்ணாது, ஆனா ஃப்ளூகனசோல் மாதிரி பூஞ்சைக்கான மாத்திரை போட்டா அது செத்துடும். இந்த ஈஸ்ட் கிடைச்ச கதையும் அழகானது, 1920கள்ல அன்னைக்கு இந்தோசீனான்னு சொன்ன பகுதியில காலரா பரவுனப்ப, அந்த ஊர் ஜனங்க லிச்சி, மங்குஸ்தான் பழத் தோலைப் போட்டு கஷாயம் வச்சுக் குடிக்கிறதை ஆன்ரி பௌலார்ங்கிற பிரெஞ்சு விஞ்ஞானி கவனிச்சு, அந்தத் தோல்ல இருந்துதான் இதைப் பிரிச்சு எடுத்தாரு. அவர் பேர்தான் இன்னைக்கும் டப்பாவுல இருக்கு.

கோர்ஸ் முடிஞ்சப்புறமும் மாசக்கணக்குல எடுத்துட்டே இருந்தா இன்னும் நல்லதுன்னு நினைக்காதீங்க. 2018ல அதே வைஸ்மன் இன்ஸ்டிட்யூட்ல ஆன்டிபயாட்டிக் போட்டவங்களை பிரிச்சுப் பாத்தாங்க, சிலருக்கு 11 வகை கலந்த ப்ரோபயாட்டிக் குடுத்தாங்க, சிலரை எதுவும் குடுக்காம சும்மா விட்டாங்க. சும்மா விட்டவங்களுக்கு சொந்த பாக்டீரியாக் கூட்டம் சுமார் மூணு வாரத்துல பழைய நிலைக்குக் கிட்ட வந்துடுச்சு, ப்ரோபயாட்டிக் எடுத்தவங்களுக்கு அஞ்சு மாசம் ஆகியும் முழுசா திரும்பல. சின்ன ஆய்வுதான், ஒரு கலவையை வச்சு எல்லாத்தையும் முடிவு பண்ண முடியாது, ஆனாலும் பேதி வர்ற ஆபத்து அதிகம் உள்ளவங்க அந்த நாளுக்கு மட்டும் எடுத்துட்டு நிறுத்திக்கிறதுதான் புத்திசாலித்தனம்னு நான் நினைக்கிறேன், மிச்சப் பேருக்கு சாப்பாடு போதும்.

தயிர், சரியா தோய்க்கிற முறை

பாலை பொங்க விட்டு உடனே அணைக்காதீங்க, சிம்ல வச்சு ஒரு அஞ்சு நிமிஷம் கிண்டி விடுங்க, பால் புரதம் நல்லா சூடாகி அவிழ்ந்தாதான் தயிர் கெட்டியா நிக்கும். அப்புறம் ஆற விடுங்க. சுத்தமான சுண்டு விரலை விட்டா சுடாம இதமா இருக்கணும், தெர்மாமீட்டர் இருந்தா 40ல இருந்து 45 டிகிரி. 50க்கு மேல இருந்தா உறைமோர்ல இருக்குற உயிரு போயிடும், ரொம்ப ஆறிட்டா மெதுவா தோயும், வழவழன்னு வரும். அரை லிட்டர் பாலுக்கு ஒரு டீஸ்பூன் உறைமோர் போதும், கெட்டியா வரட்டும்னு ரெண்டு கரண்டி ஊத்தினா சீக்கிரம் புளிச்சு தண்ணி விட்டுரும். நல்லா கலந்து மூடி ஒரு இடத்துல வச்சுட்டு அசைக்காதீங்க. கோடையில அஞ்சாறு மணி நேரத்துல தோஞ்சுரும், மார்கழி மழையில எட்டு பத்து மணி நேரம் ஆகும், அப்ப ஹாட் பாக்ஸ்குள்ள வச்சா நல்லது. தோஞ்சதும் ஃப்ரிட்ஜுக்கு மாத்துங்க.

தயிர் நூல் மாதிரி இழுக்க ஆரம்பிச்சா உறைமோர் ஜாதி மாறிடுச்சுன்னு அர்த்தம், நல்லா தோய்க்கிறவங்க வீட்டுல இருந்து ஒரு கரண்டி வாங்கி புதுசா ஆரம்பிங்க. வெளியூர்ல, ஹாஸ்டல்ல உறைமோரே கிடைக்கலன்னா பச்சை மிளகாய் காம்பை கழுவி வெதுவெதுப்பான பால்ல போட்டு வச்சா அதுல ஒட்டியிருக்குற லாக்டிக் பாக்டீரியாவால தோயும், ஆனா அந்த முதல் தோய்ப்புல வேற என்ன வளந்திருக்கும்னு சொல்ல முடியாது, அதைச் சாப்பிடாம ஒரு கரண்டி மட்டும் எடுத்து அடுத்த பாலுக்கு உறையா ஊத்துங்க. மேல பச்சை, ரோஸ் கலர்ல பூத்தா வழிச்சுப் போட்டுட்டு மிச்சத்தை சாப்பிடாதீங்க, மொத்தமா கொட்டிடுங்க.

இப்ப முக்கியமான கேள்வி, வீட்டுத் தயிர் ப்ரோபயாட்டிக்கா? கண்டிப்பான கணக்குல இல்ல. உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் 2001ல வச்ச வரையறைப்படி, உயிரோட இருக்கணும், போதுமான அளவு இருக்கணும், உடம்புக்கு நன்மைன்னு நிரூபிச்சிருக்கணும், அப்பதான் அந்தப் பேரு. வீட்டுத் தயிர்ல என்ன வகை, எவ்ளோன்னு வீட்டுக்கு வீடு மாறும், அதனால அந்த முத்திரை குத்த முடியாது. அதுக்காக மட்டம்னு ஆயிடாது, உயிருள்ள பாக்டீரியா கோடிக்கணக்குல இருக்கு, பால் குடிச்சா வயிறு உப்புறவங்களுக்கு தயிர் ஒத்துக்குறதுக்குக் காரணமே அதுங்க லாக்டோஸை உடைச்சுக் குடுக்குறதுதான். இந்த பாக்டீரியா குடல்ல நிரந்தரமா தங்காது, விருந்தாளி மாதிரி ரெண்டு மூணு நாள் இருந்துட்டு போயிடும், அதனால ஒரு நாள் ஒரு பானை சாப்பிடுறதை விட தினம் ஒரு கிண்ணம் நல்லது. 2021ல ஸ்டான்ஃபோர்ட்ல 36 பேரை வச்சு பண்ண ஆய்வுல, பத்து வாரம் தயிர், கெஃபிர் (நொதிச்ச பால்), கிம்ச்சி (கொரியாக்காரங்க காய்கறியைப் புளிக்க வைக்கிறது) மாதிரி நொதிச்ச உணவை அதிகமாக்கிட்டே போனவங்களுக்கு குடல் பாக்டீரியாவுல வகை கூடுச்சு, ரத்தத்துல வீக்கத்தைக் காட்டுற புரதங்கள் குறைஞ்சுது. அவங்க ஒரு நாளைக்கு ஆறு தடவை வரைக்கும் சாப்பிட்டாங்கங்கிறதையும் சேத்துச் சொல்லணும்.

சூடு பட்டா உயிரு போயிடும், இதை மறக்காதீங்க. மோர்க்குழம்பு ருசியா இருக்கும், ஆனா உயிருள்ள பாக்டீரியா கணக்குல அது வராது. தயிர் சாதத்துக்கு கொதிக்கக் கொதிக்க சோத்துல தயிரை ஊத்தாம, சோறை மசிச்சு கொஞ்சம் பாலோ தண்ணியோ விட்டு ஆற வச்சு அப்புறம் தயிர் சேருங்க, தாளிப்பும் கொஞ்சம் ஆறினதும் கொட்டுங்க. இட்லி மாவுலயும் லியூகோனாஸ்டாக் மாதிரி பாக்டீரியா நிறைய வேலை பாக்குது, மாவு பொங்குறதே அதாலதான், ஆனா ஆவியில வெந்தப்புறம் உயிரோட எதுவும் மிஞ்சாது. நொதிச்சதால சுலபமா செரிக்கும், சத்து கூடுதலா கிடைக்கும், அதுக்காக தாராளமா சாப்பிடுங்க, ப்ரோபயாட்டிக்னு சொல்லிக்காதீங்க. கடை ஊறுகாயும் அப்படித்தான், எண்ணெய், வினிகர், காரம் போட்டு கெடாம வச்சிருக்குறதே தவிர அதுல உயிரோட எதுவும் பெருசா இருக்காது, உப்புதான் ஏறும்.

பழைய சோறு, பயமில்லாம

இதுக்கு ரெண்டு பக்கமும் மிகையான பேச்சு இருக்கு. ஒரு பக்கம் "சோறை ராத்திரி வெளிய வச்சா விஷம்"னு பயமுறுத்துறாங்க, இன்னொரு பக்கம் இது எல்லா வியாதிக்கும் மருந்துன்னு ஃபார்வர்ட் வருது. ரெண்டுலயும் கொஞ்சம் உண்மை மாட்டிட்டு இருக்கு. அரிசியில பேசிலஸ் சீரியஸ்னு ஒரு கிருமியோட விதை இருக்கும், சோறு வெந்தாலும் சாகாது, வெந்த சோறு பல மணி நேரம் கதகதன்னு கிடந்தா முளைச்சு பெருகி வாந்தி எடுக்க வைக்கிற விஷத்தை விடும், அந்த விஷம் திரும்ப சூடு பண்ணாலும் போகாது. தண்ணி ஊத்தி புளிக்க வச்சா லாக்டிக் பாக்டீரியா மேல வந்து அமிலம் விட்டு இந்த மாதிரி கிருமியை அடக்குது. அதனால எல்லாமே புளிப்பு எவ்ளோ சீக்கிரம் ஏறுதுங்கிறதுலதான் இருக்கு.

செய்யுறது இப்படி. சாயங்காலம் புதுசா வடிச்ச சோறா எடுங்க, புழுங்கரிசின்னா நல்லா வரும். மதியம் வடிச்சு ராத்திரி வரைக்கும் மூடிக் கிடந்த சோறு வேண்டாம். தட்டுல பரப்பி ஒரு மணி நேரத்துக்குள்ள ஆற வச்சு, நல்லா கழுவுன மண் சட்டியிலயோ எவர்சில்வர் பாத்திரத்துலயோ போட்டு, காய்ச்சி ஆற வச்ச தண்ணியை சோறு மூழ்கி ரெண்டு விரக்கடை மேல நிக்கிற மாதிரி ஊத்துங்க. முந்தின நாள் நீராகாரம் இருந்தா ஒரு கரண்டி, இல்லன்னா ஒரு கரண்டி மோர் விட்டு கலக்குங்க, புளிப்பு சீக்கிரம் ஏறும். துணியால மூடி எட்டுல இருந்து பத்து மணி நேரம் வைங்க, காலையில லேசா புளிச்ச வாசம் வரணும், தண்ணி கலங்கி இருக்கணும். கொழகொழன்னு நூல் விட்டா, அழுகுன வாடை வந்தா, கலர் மாறியிருந்தா கொட்டிடுங்க, மனசு கேக்கலன்னு சூடு பண்ணி சாப்பிடாதீங்க. மே மாசத்துல சென்னை, வேலூர் மாதிரி வெக்கை அடிக்கிற ஊர்ல எட்டு மணி நேரத்தைத் தாண்ட விடாதீங்க. காலையில மிச்சமானதை மறுநாளைக்கு வைக்கிறதும் வேண்டாம். கர்ப்பிணிங்க, சின்னப் பிள்ளைங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு இதை விட ஃப்ரெஷ் தயிர் பாதுகாப்பு.

அந்த தண்ணியைக் கீழ ஊத்தாதீங்க, பாக்டீரியா நிறைய இருக்குறது அதுலதான். கொஞ்சம் மோர் விட்டு, சின்ன வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டா வெங்காயத்துல இருக்குற ஃப்ரக்டான்ங்கிற நார்ச்சத்து குடல் பாக்டீரியாவுக்கே சாப்பாடு, ருசிக்காக சேத்த ஜோடி சரியான ஜோடியா அமைஞ்சிருக்கு. பழைய சோத்துல இரும்புச்சத்து 21 மடங்கு ஏறும்னு வர்ற ஃபார்வர்டை நம்பாதீங்க, அரிசியில இல்லாத இரும்பு ஒரு ராத்திரியில எங்கயிருந்து வரும்? இருக்குற இரும்பை உடம்பு எடுத்துக்கிறது நொதிச்சதால கொஞ்சம் சுலபமாகலாம், அவ்ளோதான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில குடல் அழற்சி நோய்க்கு இது உதவுமான்னு ஆராய்ச்சியே ஆரம்பிச்சாங்க, அந்த நோய்க்கு மாத்திரை சாப்பிடுறவங்க அதை நிறுத்திட்டு பழைய சோத்துக்கு மாறிடாதீங்க. சுகர் இருக்குறவங்களும் இது சோறுதாங்கிறதை மனசுல வச்சு அளவா சாப்பிடுங்க.

உள்ள இருக்குறதுக்கு சாப்பாடு

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது, ஏன்னா இதோட நல்ல உதாரணம் நம்ம வேலூர்ல இருந்தே வந்திருக்கு. காலரா வந்தா ஓஆர்எஸ் குடுத்து உயிரைக் காப்பாத்தலாம், ஆனா ஓஆர்எஸ் பேதியைக் குறைக்காது, உடம்புல தண்ணி வத்தாம மட்டும்தான் பாத்துக்கும். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் கூட இருந்தவங்களும் 48 காலரா நோயாளிகளை மூணு குழுவா பிரிச்சாங்க, ஒரு குழுவுக்கு சாதா ஓஆர்எஸ், ஒரு குழுவுக்கு அதுல லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு, இன்னொரு குழுவுக்கு அதே 50 கிராம் சிறுகுடல்ல செரிக்காத ஒரு மக்காச்சோள மாவுச்சத்து. அந்த செரிக்காத மாவு குடுத்தவங்களுக்கு பேதி அளவும் குறைஞ்சுது, சீக்கிரமாவும் நின்னுச்சு, 2000ல முடிவு வெளிவந்துச்சு. காரணம் என்னன்னா அந்த மாவு பெருங்குடலுக்குப் போய் அங்க இருக்குற பாக்டீரியாவுக்கு சாப்பாடாகுது, அதுங்க அதைக் கொழுப்பு அமிலமா மாத்துது, அந்த அமிலம் பெருங்குடலை உப்பையும் தண்ணியையும் திரும்ப உறிஞ்ச வைக்குது. வெளிய இருந்து ஒரு பாக்டீரியா கூட குடுக்கல, உள்ள இருந்ததுக்கு சரியான சாப்பாடு போட்டாங்க, அதுவே மருந்தாச்சு. வங்காளதேசத்துல பல நாளா பேதி நிக்காத பிள்ளைங்களுக்கு வேகவச்ச வாழைக்காய் மசிச்சுக் குடுத்து இதே மாதிரி நல்ல பலன் பாத்திருக்காங்க.

அப்ப நம்ம சமையல்ல எதைக் கூட்டணும்? வாழைக்காய், வாழைத்தண்டு, வாழைப்பூ. சின்ன வெங்காயம், பூண்டு. கொண்டைக்கடலை, தட்டப்பயறு, கொள்ளு, பாசிப்பயறு. கொத்தவரங்காயை பிள்ளைங்க ஒதுக்கி வைப்பாங்க, ஆனா அந்தச் செடியோட விதையில இருந்துதான் குவார் கம்னு நார்ச்சத்துப் பொடி எடுத்து உலகம் பூரா விக்கிறாங்க. வெந்தயம், கீரை, கேழ்வரகு, வரகு, சாமை. வேகவச்சு ஆறின சோறு, உருளைக்கிழங்குல மாவுச்சத்துல ஒரு பங்கு செரிக்காத மாதிரி இறுகிடும், அதுவும் பாக்டீரியாவுக்குப் போகும். ஒரு நாளைக்கு குறைஞ்சது 25 கிராம் நார்ச்சத்துன்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது, வெள்ளைச் சோறு, ரசம், அப்பளம்னு ஓட்டினா அதுல பாதி கூட வராது. ஒரே காயை தினம் வைக்காம வாரத்துல மாத்தி மாத்தி வைங்க, ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் ஒவ்வொரு நார் பிடிக்கும்.

ஒரே நாள்ல அத்தனையையும் கூட்டிடாதீங்க, காத்து பிரியும், வயிறு உப்பும், அப்புறம் இது நமக்கு ஒத்துக்கலன்னு விட்டுருவீங்க. ரெண்டு மூணு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, பயறை ராத்திரி ஊற வச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு வேக வைங்க, தண்ணி நிறைய குடிங்க. ஐபிஎஸ், அதாவது அடிக்கடி வயிறு வலிச்சு பேதியோ மலச்சிக்கலோ வர்ற குடல் தொந்தரவு, இருக்குறவங்களுக்கு வெங்காயம், பூண்டு, கொண்டைக்கடலை எல்லாம் வலியைக் கிளப்பி விடும், அவங்க டாக்டர், டயட்டீஷியன்கிட்ட கேட்டுத்தான் ஏத்தணும்.

சாஷே வாங்கித்தான் ஆகணும்னா

முதல்ல பேரை முழுசா படிங்க. லாக்டோபேசிலஸ்னு மட்டும் இருந்தா பத்தாது, வகைப் பேரு, அதுக்கும் பின்னாடி ஜிஜி, ஷிரோட்டா மாதிரி ஒரு எழுத்தோ எண்ணோ பேரோ இருக்கணும், ஏன்னா ஆய்வு நடந்தது அந்த ஒரு ஸ்ட்ரெய்னுக்கு (வகைக்குள்ள இருக்குற உள்வகைக்கு), அதோட சொந்தக்காரனுக்கு இல்ல. லாக்டோபேசிலஸ் ஸ்போரோஜீன்ஸ்னு சில டப்பாவுல பாப்பீங்க, அது உண்மையில பேசிலஸ் கோயாகுலன்ஸ், வேற குடும்பம். 2020ல லாக்டோபேசிலஸ் குடும்பத்தையே பல பேரா பிரிச்சுட்டாங்க, அதனால லாக்டிகேசிபேசிலஸ் ராம்னோசஸ்னு போட்டிருந்தா அது பழைய ராம்னோசஸேதான், குழம்பிக்காதீங்க.

அப்புறம் எண்ணிக்கை. சிஎஃப்யூன்னு போட்டிருப்பாங்க, உயிரோட இருக்குற கிருமியோட எண்ணிக்கை அது, ஒரு பில்லியன்னா 100 கோடி. தயாரிச்ச அன்னைக்கு இவ்ளோன்னு போட்டிருக்கா, எக்ஸ்பயரி வரைக்கும் இவ்ளோன்னு போட்டிருக்கான்னு பாருங்க, ரெண்டாவதுதான் நம்பிக்கையானது. ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்னு எழுதியிருக்குற மருந்து கடையில வெளிய ரேக்குல இருந்தா வாங்காதீங்க. பேசிலஸ் கிளாசி, கோயாகுலன்ஸ் மாதிரி விதையா இருக்குற வகைங்க வெளியவே தாங்கும். எதையும் சூடான பால்லயோ டீலயோ கலக்காதீங்க. குடிக்கிற ப்ரோபயாட்டிக் பாட்டில்னா சர்க்கரை எவ்ளோன்னும் திருப்பிப் பாருங்க.

எதுக்காக எடுக்குறோம்னு எழுதி வச்சுக்கோங்க. வயிறு உப்புசம், ஐபிஎஸ்க்காகன்னா ஒரே வகையை நாலு வாரம் எடுத்துப் பாத்து, மாத்தம் தெரியலன்னா நிறுத்துங்க. அமெரிக்க குடலியல் மருத்துவர் சங்கம் 2020ல எல்லா ஆய்வையும் அலசிட்டு பெரும்பாலான வயித்து நோய்க்கு ப்ரோபயாட்டிக்கை சிபாரிசு பண்ண ஆதாரம் பத்தலன்னுதான் சொன்னாங்க. வெயிட் குறைய, முகம் பளபளக்கன்னு விக்கிறதுக்கெல்லாம் காசு போடாதீங்க.

பிள்ளைங்களுக்கு பேதின்னா முதல்ல ஓஆர்எஸ், பாக்கெட்டுல போட்டிருக்குற அளவு தண்ணியில முழு பாக்கெட்டையும் கரைச்சு, கூடவே டாக்டர் சொல்ற அளவுல ஜிங்க் 14 நாள். ப்ரோபயாட்டிக் குடுத்தாச்சேன்னு ஓஆர்எஸ்ஸை விடுறதுதான் ஆபத்து. கைக்குழந்தைக்கு தாய்ப்பாலே போதும், தாய்ப்பால்ல குழந்தையால செரிக்கவே முடியாத ஒரு வகை சர்க்கரை நிறைய இருக்கு, அது குழந்தைக்கு இல்ல, குழந்தை குடல்ல இருக்குற பிஃபிடோபாக்டீரியாவுக்கு. ஒடிசா கிராமங்கள்ல பினாகி பாணிக்கிரஹி குழு 4,556 பச்சக் குழந்தைகளை வச்சு பண்ண ஆய்வு 2017ல வந்துச்சு, ஏழு நாள் லாக்டோபேசிலஸ் பிளான்டாரம் ஒரு ஸ்ட்ரெய்னும் அதுக்கான சாப்பாடும் சேத்துக் குடுத்ததுல ரத்தத்துல கிருமி ஏறுறதும் சாவும் சேந்து 9 சதவீதத்துல இருந்து 5.4க்கு இறங்குச்சு. எனக்குத் தெரிஞ்சு இந்தத் துறையில இவ்ளோ பெரிய பலன் காட்டுனது கொஞ்சம்தான். ஆனா அவங்க எல்லாம் ரெண்டு கிலோவுக்குக் குறையாம பிறந்த குழந்தைங்க, குடுத்தது அந்த ஒரு ஸ்ட்ரெய்ன், கடையில கிடைக்கிற எதையோ வாங்கி குழந்தை வாயில வைக்க இது அனுமதி இல்ல.

யாரு தொடவே கூடாதுன்னும் தெரிஞ்சுக்கோங்க. குறை மாசக் குழந்தைங்க, கீமோ எடுக்குறவங்க, உறுப்பு மாத்துனவங்க, ஐசியூல இருக்குறவங்க, இவங்களுக்கு நல்ல பாக்டீரியாவே ரத்தத்துல ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். நெதர்லாந்துல தீவிரமான கணைய அழற்சி உள்ளவங்களுக்கு ப்ரோபயாட்டிக் குடுத்துப் பாத்த ஆய்வு 2008ல வந்துச்சு, குடுத்த குழுவுல 24 பேர் இறந்தாங்க, குடுக்காத குழுவுல 9 பேர். 2023ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பும் குறை மாசக் குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில குடுக்குறது பத்தி எச்சரிக்கை விட்டுச்சு. அதனால ஆஸ்பத்திரியில படுத்திருக்குற அப்பத்தாவுக்கு வயிறு சரியில்லன்னு வெளிய இருந்து சாஷே வாங்கிட்டுப் போய் நீங்களா கலக்கிக் குடுக்காதீங்க, டியூட்டி டாக்டரையோ சிஸ்டரையோ கேளுங்க. கழுத்து நரம்புல ட்யூப் போட்டிருக்குறவங்க பக்கத்துல வச்சு பௌலார்டி பாக்கெட்டைப் பிரிக்கவே பிரிக்காதீங்க, பறக்குற பொடி கையில ஒட்டி அந்த ட்யூப் வழியா ரத்தத்துக்குப் போன சம்பவங்கள் நடந்திருக்கு.